கடன்களை அடைக்க ஒரு கடன் வாங்கினேன், 14 மாதத்தில் பழைய இடத்துக்கே வந்தேன்

25 வயதில் எனக்கு நான்கு இடத்தில் கடன். இரண்டு கிரெடிட் கார்டு, போனில் ஒரு செயலி வழியாக எடுத்த தனிநபர் கடன், நண்பன் ஒருவனிடம் வாங்கிய கைமாற்று. ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்தபோது பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் ஒன்றுக்குக் கெடு 3ஆம் தேதி, இன்னொன்றுக்கு 11, மற்றொன்றுக்கு 18 என்று மாதம் முழுக்க ஏதாவது ஒரு நினைவூட்டல் வந்துகொண்டே இருக்கும், சம்பளம் கைக்கு வந்த வாரத்திலேயே பங்கு பிரிந்து போய்விடும். எல்லாவற்றையும் அடைத்துவிட்டு ஒரே கடனாக மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனை அப்போதுதான் வந்தது. மாற்றியும் விட்டேன். 14 மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தால் மொத்தக் கடன் முன்பிருந்ததைவிட அதிகம். அதிலிருந்து வெளியே வர இன்னும் இரண்டு வருடம் பிடித்தது.

இப்போது அதே வயதில் இருப்பவர்கள் "வாங்கலாமா, வேண்டாமா" என்று கேட்டால் என்னால் ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் நடந்ததை எண்களோடு எழுதுகிறேன். எந்த நாட்டுப் பணம் என்பது இங்கே முக்கியமில்லை, வட்டி விகிதமும் மாதக் கணக்கும்தான் முக்கியம், தொகையை உங்களுக்கு ஏற்றபடி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

முதல் கார்டில் 90,000, வட்டி மாதம் 3.5 சதவீதம். இரண்டாவதில் 60,000, மாதம் 3 சதவீதம். செயலிக் கடன் 50,000, மாதம் 2.5 சதவீதம். நண்பனிடம் 30,000, அதற்கு வட்டி இல்லை. நண்பனுடையதை ஒதுக்கிவிட்டால் வட்டி ஓடும் கடன் 2,00,000. மாதம் மூன்றரை என்பது காதில் விழும்போது சின்னதாக இருக்கும். வருடத்துக்கு அது 42, கட்டாமல் விட்டு வட்டிக்கு வட்டி ஏறினால் 51.

இரண்டு கார்டுக்கும் நிலுவையில் 5 சதவீதம் குறைந்தபட்சத் தொகை, அதாவது மினிமம் டியூ, 7,500. செயலிக் கடனின் தவணை சுமார் 4,000. ஆக மாதம் 11,500 கட்டிக்கொண்டிருந்தேன். அதில் 6,200 வட்டிக்கே போனது. இதை அப்போது நான் கணக்குப் போட்டுப் பார்க்கவே இல்லை, மாதா மாதம் தவறாமல் கட்டுகிறேன், அதனால் கடன் குறைந்துகொண்டுதான் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கடன் தரும் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிடம் இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. 2,00,000 கடன், ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அங்கிருந்தவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். மூன்று வருடத்துக்கு மாதத் தவணை 7,230 என்று இருந்தது. நான் ஒரு நொடி யோசித்ததை அவர் கவனித்துவிட்டார். "அஞ்சு வருஷம் போட்டுக்கலாம் சார், 5,079தான் வரும், உங்களுக்கு ஈஸியா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஒரு கட்டத்தில் 36ஐ அழித்து 60 என்று தட்டினார். தவணை கண் முன்னால் இறங்கியது. 11,500 எங்கே, 5,079 எங்கே! உடனே சரி என்றேன். அந்தத் திரையில் மொத்த வட்டி என்று இன்னொரு கட்டமும் இருந்திருக்க வேண்டும், நான் பார்க்கவில்லை. மூன்று வருடத்துக்கு மொத்த வட்டி 60,300, ஐந்து வருடத்துக்கு 1,04,700. ஒரே கடன், ஒரே வட்டி விகிதம், இரண்டு வருடம் நீட்டியதற்கு மட்டும் 44,400 கூடுதல்.

அடுத்து, பணம் கணக்குக்கு வந்தபோது 1,90,000தான் வந்தது. பரிசீலனைக் கட்டணம் 4,000, கடனோடு சேர்த்து மாட்டிவிட்ட காப்பீடு 6,000. காப்பீடு கட்டாயமா என்று நான் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்றே தெரியாது. கையில் வந்தது 1,90,000, தவணை ஓடுவது 2,00,000க்கு. அப்படிப் பார்த்தால் 18 சதவீதம் என்று சொன்ன கடனின் உண்மையான வட்டி 20க்கு மேல். இதைவிட முக்கியமாக, எல்லாவற்றையும் அடைக்க 10,000 குறைந்தது. அந்த 10,000 முதல் கார்டிலேயே தங்கிவிட்டது. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்தக் கார்டை மூடாததற்கு அதுவே காரணமாகவும் ஆகிவிட்டது, நிலுவை இருக்கும்போது எப்படி மூடுவது?

மற்றவற்றை அடைத்த அன்று மாலை கார்டு நிறுவனத்திடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. பணம் பெறப்பட்டது, நன்றி, உங்கள் கார்டில் இப்போது செலவழிக்கக்கூடிய தொகை இவ்வளவு என்று. முந்தின நாள்வரை கடனாக இருந்த அதே எண், இப்போது எனக்கு இருக்கும் பணம் போல வந்து நிற்கிறது. அந்தச் செய்தியை நான் நிம்மதியோடு படித்தேன் என்பதுதான் இப்போது நினைத்தால் வலிக்கிறது.

அடுத்த 14 மாதத்தில் ஊதாரித்தனமாக நான் எதையும் செய்யவில்லை. பல்லுக்கு வேர் சிகிச்சை, லேப்டாப் திரை உடைந்தது, வீடு மாறியதற்கு முன்பணம், ஒருமுறை அவசரப் பயணம், நடுவில் சில சின்னச் செலவுகள். சேமிப்பு என்று ஒன்று இல்லாததால் எதிர்பாராமல் வந்த ஒவ்வொரு செலவும் கார்டுக்கே போனது. தவணை குறைந்ததால் மாதம் 6,400 மிச்சம் ஆனதே, அது எங்கே போனது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. மாதம் கொஞ்சம் தாராளமாக ஓடியது, அவ்வளவுதான். முதல் கார்டில் நிலுவை 70,000 ஆனது. பெரிய கடனில் 14 தவணை கட்டியும் அசல் 1,68,000 பாக்கி. இரண்டையும் கூட்டினால் 2,38,000.

இதைக் கண்டுபிடித்தது அக்கா. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடம் கொஞ்சம் பணம் கேட்கப் போயிருந்தேன். பணத்தைப் பற்றிப் பேசாமல் பழைய நோட்டு ஒன்றையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்தாள். "வாயால சொல்லாத. எழுது. யாருக்கு, எவ்வளவு, வட்டி என்ன, எப்ப முடியும்." முதல் மூன்றை எழுதிவிட்டேன். நான்காவதில் பேனா நின்றுவிட்டது. எந்தக் கடனுக்கும் அது முடியும் மாதம் எனக்குத் தெரியாது. "முடியற தேதி தெரியாம எப்படிடா கடன் வாங்கின?" என்றாள். திட்டவில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள். அன்று மூன்று மணி நேரம் அந்த நோட்டோடு உட்கார்ந்திருந்தோம்.

அங்கேதான் எனக்கு இந்த விஷயமே புரிந்தது. கடனை ஒன்றாக்கியதில் தவறில்லை, வட்டி உண்மையாகவே குறைந்தது. தவணையைக் குறைத்ததுதான் தவறு. ஏற்கெனவே மாதம் 11,500 கட்டிக்கொண்டிருந்தவன் அதே 11,500ஐப் புதிய கடனுக்குக் கட்டியிருந்தால், 18 சதவீதத்தில் 2,00,000 கடன் 21 மாதத்தில் முடிந்திருக்கும், வட்டி ஏறக்குறைய 33,500. அக்கா அதோடு விடவில்லை, "சரி, அந்தக் கடனையே வாங்காம, புதுசா எதையும் கார்டுல ஏத்தாம, அதே 11,500 கட்டியிருந்தா?" என்று கேட்டாள். போட்டுப் பார்த்தோம். வட்டி அதிகமான கார்டுக்கு முதலில், அது முடிந்ததும் அடுத்தது என்று போனால் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேல் வருகிறது. வட்டி 80,000ஐத் தாண்டுகிறது, அது பெரிய வித்தியாசம்தான். ஆனாலும் இரண்டு வருடம் சொச்சம்தான்! நான் ஐந்து வருடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

மினிமம் டியூவின் சூட்சுமமும் இங்கேதான். அது நிலுவையில் இத்தனை சதவீதம் என்று இருப்பதால், நிலுவை குறையக் குறைய அதுவும் குறைந்துகொண்டே வரும், நாமும் குறைத்துக்கொண்டே கட்டுவோம், கடன் வருடக்கணக்கில் இழுக்கும். முதல் மாதம் கட்டிய தொகையைக் கடைசிவரை பிடித்து வைத்திருந்தாலே பாதிச் சுமை போய்விடும்.

அப்படியானால் ஒன்றாக்கும் கடனால் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. கையில் மாதம் 7,230தான் வரும், அதற்கு மேல் ஒரு காசு முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கடன்களுக்கே அதைக் கட்டினால் முதல் மாதம் 6,200 வட்டிக்குப் போய் அசலில் 1,030தான் குறையும், கடன் முடிய ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். போதாததற்கு மினிமம் டியூவுக்கே அந்தப் பணம் எட்டாது. 18 சதவீதக் கடனாக மாற்றினால் அதே 7,230ல் முதல் மாதமே 4,230 அசலுக்குப் போகும், 36 மாதத்தில் முடியும். ஆகவே கட்டும் சக்தி குறைவாகவும், இப்போது ஓடும் வட்டி மிக அதிகமாகவும், புதிய வட்டி கணிசமாகக் குறைவாகவும் இருந்தால் வாங்கலாம் என்றுதான் நான் சொல்வேன். வித்தியாசம் நான்கைந்து சதவீதம்தான் என்றால் கட்டணமும் காப்பீடும் அதைத் தின்றுவிடும், அதற்கு மெனக்கெட வேண்டாம். ஒன்றரை வருடத்துக்குள் தானாகவே முடியப்போகும் கடனை இதில் இழுத்துப் போடவும் வேண்டாம்.

வட்டி விகிதம் கேட்கும்போது அது ஃபிளாட் வட்டியா, குறையும் நிலுவைக்கு வட்டியா என்று கேளுங்கள். பலர் ஏமாறுவது இந்த இடத்தில். 1,00,000 கடன், ஃபிளாட் 10 சதவீதம், மூன்று வருடம் என்றால், அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முழு ஒரு லட்சத்துக்கும் மூன்று வருடமும் வட்டி போட்டு 30,000 வாங்கிவிடுவார்கள். தவணை 3,611. அதை நேர்மையான கணக்கில் மாற்றினால் கிட்டத்தட்ட 18 சதவீதம். 10 என்று சொல்பவரும் 18 என்று சொல்பவரும் ஒரே விலைக்குத்தான் விற்கிறார்கள். அதனால் விகிதத்தை விட்டுவிட்டு இரண்டே எண்ணை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: என் கைக்கு வரும் தொகை எவ்வளவு, கடைசிவரை நான் கட்டும் மொத்தத் தொகை எவ்வளவு.

முன்கூட்டியே கட்டினால் அபராதம் உண்டா என்பதும் அதே அளவுக்கு முக்கியம். என் ஒப்பந்தத்தில் முதல் 24 மாதத்துக்குள் அசலில் பகுதிப் பணம் கட்டினால் அந்தத் தொகையில் 3 சதவீதம் கட்டணம் என்று இருந்தது. தவணையைக் குறைவாக வைத்துக்கொண்டு கையில் வரும்போது அதிகமாகக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், அந்த வரியைப் படித்த பிறகு நினைக்கவும்.

கார்டு நிலுவையை இன்னொரு கார்டுக்கு மாற்றினால் சில மாதம் வட்டியே இல்லை என்றும் சலுகை வரும். அந்தச் சில மாதத்துக்குள் முழுவதையும் முடிக்கும் தெம்பு இருந்தால் நல்லது. முடியாவிட்டால் சலுகை தீர்ந்ததும் அந்தக் கார்டின் வழக்கமான வட்டி ஓட ஆரம்பித்துவிடும், மாற்றுவதற்கு ஒரு கட்டணம் வேறு.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருக்கிறேன். கார்டுக் கடனை அடைக்க வீட்டையோ நகையையோ அடகு வைக்காதீர்கள், அப்பா அம்மாவை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள். வட்டி குறைவாகக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் கார்டுக் கடன் கட்ட முடியாமல் போனால் கெடுவது உங்கள் பெயர், வருவது வசூல் நெருக்கடி, மிஞ்சிப்போனால் வழக்கு. அடகு வைத்துவிட்டால் போவது குடும்பம் இருக்கும் வீடு. ஜாமீன் போட்டவருக்கோ, நீங்கள் கட்டாத அன்றே அது அவருடைய கடன் ஆகிவிடுகிறது. 25 வயதில் சம்பாதித்து மீள நமக்கு நேரம் இருக்கிறது, 60ஐ நெருங்கும் அப்பாவுக்கு இல்லை. என் அப்பா தானாகவே "நான் கையெழுத்துப் போடறேன்பா" என்று முன்வந்தார். வேண்டாம் என்று சொன்னது அந்தக் காலத்தில் நான் செய்த ஒரே நல்ல முடிவு.

நோட்டில் எழுதியதற்கு அடுத்த வாரம் நான் செய்தது இது. புதிய கடன் எதுவும் வாங்கவில்லை. இரண்டாவது கார்டு காலியாக இருந்தது, அதை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன், அட்டையின் சிப் மேலேயே கத்தரிக்கோலை வைத்து வெட்டினேன். முதல் கார்டின் லிமிட்டை அன்றைய நிலுவை அளவுக்குக் குறைக்கச் சொன்னேன், இனி அதில் ஏற்ற இடமே இருக்கக் கூடாது என்று. அது என் பழைய கணக்கு. பழைய கணக்கு இருப்பது கிரெடிட் ஸ்கோருக்கு, அதாவது நாம் கடனை எப்படிக் கட்டுகிறோம் என்பதற்கான மதிப்பெண்ணுக்கு, நல்லது என்பதால் அதை முழுவதும் மூடவில்லை, லிமிட் குறைந்ததில் ஸ்கோர் கொஞ்சம் இறங்கினாலும் பரவாயில்லை என்று விட்டேன். கடன் வாங்கிக் கடன் அடைக்கும் நிலையில் இருக்கும்போது ஸ்கோரைக் காப்பாற்றுவதற்காகக் கார்டில் செலவழிக்க இடம் விட்டு வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. முன்பு வட்டி விசாரிக்கிறேன் என்று ஒரே வாரத்தில் நாலைந்து இடத்தில் விண்ணப்பம் போட்டிருந்தேன், ஒவ்வொரு விண்ணப்பமும் கிரெடிட் அறிக்கையில் பதிவாகி ஸ்கோர் இறங்கியது, அதையும் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். விண்ணப்பிக்காமலே உத்தேச வட்டி சொல்லும் இடங்களில் முதலில் கேட்டுவிட்டு, ஒன்றே ஒன்றில் விண்ணப்பிப்பது நல்லது.

சம்பளம் வரும் மறுநாள் 12,500 தானாகப் போகும்படி ஏற்பாடு செய்தேன். 5,079 பெரிய கடனுக்கு, 7,421 கார்டுக்கு. 12 மாதத்தில் கார்டு முடிந்தது. அதற்குள் பெரிய கடனில் 26 மாதம் கடந்துவிட்டதால் பகுதிப் பணம் கட்டக் கட்டணம் இல்லை, முழு 12,500ஐயும் அதற்கே திருப்பினேன், இன்னொரு 12 மாதத்தில் அதுவும் முடிந்தது. நடுவில் செலவு வராமலா இருந்தது? வந்தது. ஆரம்பத்திலேயே பழைய கேமரா ஒன்றை விற்று அந்தப் பணத்தைக் கடனுக்குக் கட்டாமல் தனிக் கணக்கில் போட்டு வைத்திருந்தேன். வட்டிக் கணக்குப்படி அது தவறு, 42 சதவீதக் கடன் இருக்கும்போது பணத்தைச் சும்மா வைப்பதா என்று யாரும் கேட்பார்கள். ஆனால் அந்தச் சின்னத் தொகை இருந்ததால்தான் கண்ணாடி உடைந்தபோதும் காய்ச்சலில் படுத்தபோதும் கார்டை நான் தொடவில்லை.

கட்டவே முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் உதவாது. அவர்கள் தவணை தவறுவதற்கு முன்பே கடன் கொடுத்தவரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். நிலுவையைக் குறைந்த வட்டியில் தவணையாக மாற்றித் தருவது, சில மாதம் ஒத்தி வைப்பது என்று அவர்களிடமே வழிகள் இருக்கும், நாமாகக் கேட்டால்தான் வெளியே வரும். இலவசமாக ஆலோசனை சொல்லும் கடன் ஆலோசனை அமைப்புகள் பல நாடுகளில் இருக்கின்றன. "உங்கள் கடனைப் பாதியாக்கித் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று தாங்களாகவே அழைப்பவர்களிடம் போக வேண்டாம்.

நண்பனின் 30,000 பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வட்டி இல்லாத கடனைக் கடைசியில் கட்டு என்றுதான் கணக்குச் சொல்லும். ஒரு வருடமாக அவன் போனை எடுக்காமல் தவிர்த்துக்கொண்டிருந்தேன், அவன் பணத்தைப் பற்றி ஒரு முறைகூடக் கேட்டதில்லை, ஆனாலும் எடுக்க முடியவில்லை. நோட்டு எழுதிய அன்று இரவு நானே கூப்பிட்டு, மாதம் 2,500, 12 மாதத்தில் முடியும், முதல் தேதி இது என்று சொன்னேன். வார இறுதியில் தட்டச்சு வேலை எடுத்து அந்த 2,500ஐத் தனியாகச் சம்பாதித்தேன். மூன்றாவது மாதம் பணம் போட்டதும் அவன், "டேய், பணம் வந்துச்சு. அதை விடு, நீ எப்ப வர்ற?" என்று கேட்டான்.

கடன் முடிந்ததும் நிலுவை ஏதும் இல்லை என்ற சான்றை எழுத்தில் கேட்டு வாங்கினேன். இரண்டு மாதம் கழித்து கிரெடிட் அறிக்கையை எடுத்துப் பார்த்தால், எப்போதோ மூடச் சொன்ன இரண்டாவது கார்டு இன்னும் திறந்தே இருப்பதாகவும் ஆண்டுக் கட்டணம் பாக்கி இருப்பதாகவும் காட்டியது. மூடச் சொல்லிக் கொடுத்த கடிதத்தின் நகல் கையில் இருந்ததால் இரண்டு முறை எழுதி அதைச் சரி செய்ய முடிந்தது. அந்த நகலை அக்காவின் நோட்டுக்குள்தான் வைத்திருந்தேன், இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.